குரும்பட்டியும் கட்டைத் துண்டும்

கண்டியிலிருந்து வத்தேகம வழியாகப் பன்வில நோக்கி ஏறும் பாதையில், தேயிலை மலைகள் கண்ணுக்குத் தோன்றுவதற்கு முன்னர், தென்னையும் பலாவும் கமுகும் மிளகுக் கொடியும் ஒன்றோடொன்று நெருங்கி வளரும் வீட்டுத் தோட்டங்கள் பல உள. இரவு முழுவதும் காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த ஒரு காலையில் அத்தென்னைகளின் அடியில் நின்று பார்ப்போர், பாக்கின் அளவினவும் கோழிமுட்டையின் அளவினவுமாகப் பச்சைக் குரும்பட்டிகள் சிதறிக் கிடக்கக் காண்பர். தோட்டக்காரருக்கு அவை நட்டக் கணக்கு. வீட்டுப் பெண்களுக்கு அவை கூட்டி ஒதுக்கவேண்டிய குப்பை. பாடசாலைக்குப் புறப்பட்ட சிறுவன் ஒருவன் மட்டும் குனிந்து அவற்றுள் ஒன்றை எடுக்கிறான். உள்ளங்கையில் வைத்து உருட்டுகிறான். நகத்தால் அழுத்திப் பார்க்கிறான். பின்னர் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு நடக்கிறான். அந்தச் சிறு கணத்தில் அவனுடைய உள்ளத்தில் நிகழ்வது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

குரும்பட்டி என்பது முற்றாமலே உதிர்ந்துவிட்ட தேங்காய்ப் பிஞ்சு. தமிழகத்தார் இதனைக் குரும்பை என்பர். நல்ல நிலையிலுள்ள தென்னையொன்று ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு பாளையாக ஆண்டிற்குப் பன்னிரண்டு வரையிலான பாளைகளை விடுகின்றது. ஒவ்வொரு பாளையிலும் உண்டாகும் பெண்பூக்கள் அனைத்தையும் காயாக்கும் வலு மரத்துக்கு இல்லை. மகரந்தச் சேர்க்கை தவறியவை, வறட்சியால் வாடியவை, பூச்சி தாக்கியவை, மரமே தாங்கமாட்டாது கைவிட்டவை என இவற்றுட் பெரும்பகுதி முதற் சில மாதங்களுள் உதிர்ந்துவிடுகின்றது. லுணுவிலவில் அமைந்துள்ள தென்னை ஆராய்ச்சி நிலையம் 1929 ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்ட காலந்தொட்டு ஆராய்ந்துவரும் சிக்கல்களுள் இவ்வுதிர்வும் ஒன்று. ஆராய்ச்சியாளர் குறைக்க முயலும் இவ்விழப்பே இத்தீவின் சிறுவர்களுக்கு எண்ணற்ற விளையாட்டுப் பொருள்களை விலையின்றி வழங்கி வந்துள்ளது. இடையே ஒன்றைக் குறிப்பிடலாம். சிங்களச் சிறுவனும் இதனைக் குரும்பட்டி என்றே வழங்குகின்றான். பன்வில கிராமத்துப் பிள்ளையும் தோட்டத்து லயத்துப் பிள்ளையும் வெவ்வேறு பாடசாலைகளில் வெவ்வேறு மொழியிற் படித்தாலும், மரத்தடியில் எதிர்ப்பட்டால் இந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

இக்குரும்பட்டியைக் கொண்டு சிறுவர் செய்வன யாவை? நான்கை எடுத்து இரண்டு ஈர்க்குகளின் முனைகளிற் செருகினால் வண்டிக்குச் சில்லுகள். அதே குரும்பட்டி நடுவில் நின்று ஈர்க்குகளைத் தாங்குமாயின் வண்டியின் உடல். அடுக்கடுக்காக ஈர்க்குகளை நட்டு மேலே போகப் போகச் சுருக்கிச் சென்றால் தேர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்கள் வீதியுலா வரும் மாசிமகக் காலத்தை அடுத்து மலையகச் சிறுவரும், கோயிற் கொடியேற்றங்களை அடுத்து யாழ்ப்பாணச் சிறுவரும் இத்தேரைக் கட்டுதல் வழக்கம். கூர்முனை ஒன்றைச் செருகிச் சுழற்றினால் பம்பரம். பெரியது ஒன்றும் சிறியது ஒன்றும் சேர்ந்தால் உடலும் தலையுமாகிய பொம்மை. நான்கு குச்சிக் காலும் ஒரு வளைந்த துதிக்கையும் சேர்ந்தால் கண்டிப் பெரகராவில் வரும் யானை. ஈர்க்கு ஒன்றின் இரு முனைகளிலும் தொங்கினால் தராசு. காம்புப் புறத்திலுள்ள தொப்பியைத் தனியே கழற்றினால் விளையாட்டுச் சமையலுக்குச் சட்டி.

இவை எல்லாவற்றிலும் வியக்கத்தக்கது, சிறுவர் குரும்பட்டி இயந்திரம் என்று பெருமையோடு அழைக்கும் ஒன்றாகும். ஒரு குரும்பட்டியைக் குடைந்து, மேலிருந்து கீழாக அகன்ற துளை ஒன்றும் பக்கத்தில் சிறு துளை ஒன்றும் இடுகின்றனர். அகன்ற துளையினூடாக ஈர்க்குத் தண்டு ஒன்று தடையின்றிச் சுழலும். அத்தண்டின் மேல்முனையில் மற்றொரு பெரிய குரும்பட்டி அசையாதபடி இறுகச் செருகப்படும். தண்டிற் கட்டிய நூலின் மறுமுனை பக்கத் துளை வழியே வெளியே வரும். நூலைத் தண்டிலே சுற்றிவிட்டு வெடுக்கென இழுத்தால் மேலேயுள்ள குரும்பட்டி விரைந்து சுழல்கின்றது. நூலைத் தளர்த்தியதும் அது நின்றுவிடுவதில்லை. தன் பாரத்தினால் தொடர்ந்து சுழன்று, நூலை எதிர்ப்புறமாகத் தானே சுற்றிக்கொள்கின்றது. மீண்டும் இழுத்தால் மறுபுறமாகச் சுழல்கின்றது. பெரிய ஆலைகளின் இயந்திரங்களிலுள்ள பறப்புச் சில்லின் தத்துவம் இதுவேயாம். நேயர்கள் இங்கு நோக்கவேண்டியது ஒன்று உண்டு. இவ்விளையாட்டுக் கருவியில் உள்ளவை இரண்டும் குரும்பட்டிகளே. ஒன்று தண்டை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும்; மற்றையது தண்டைப் பற்றாமல் விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரே பொருளிடம் நேர்மாறான இரு வேலைகளை வாங்கத் துளையின் அகலம் ஒன்றையே மாற்றுகின்றான் சிறுவன்.

குரும்பட்டிக்கு இத்தகைய பல்வகைப் பயன் வாய்த்ததற்குக் காரணம் அதன் இயல்பிலேயே உள்ளது. பச்சையாக இருக்கும்போது ஈர்க்கு எளிதில் ஊடுருவும் அளவு மென்மையும், ஊடுருவிய ஈர்க்கை நார்களால் நெருக்கிப் பிடிக்கும் அளவு வன்மையும் அதற்கு உண்டு. ஆணியோ பசையோ கயிறோ வேண்டியதில்லை. எந்தத் திசையிலும் குத்தலாம். எத்தனை ஈர்க்குகளையும் குத்தலாம். குறையும் உண்டு. இரண்டு மூன்று நாள்களில் அது வாடிச் சுருங்கும். ஒன்றைப் போல மற்றொன்று இராது. மேலும், அது எல்லா இடத்திலும் கிடைப்பதன்று. பன்விலையைக் கடந்து மடுல்கலைப் பக்கம் மலை ஏற ஏறத் தென்னை மறைந்துவிடுகின்றது. அங்குள்ள தோட்டத்துப் பிள்ளைகள் தேயிலைக் கொட்டை, பைன் மரத்துக் காய், தகர மூடி, தேய்ந்த செருப்பின் அடித்தோல் ஆகியவற்றிலே தம் கைவண்ணத்தைக் காட்டுவர். முன்னாளில், தேயிலை மரப்பெட்டிகளில் அடைக்கப்பட்டு ஏற்றுமதியான காலத்தில், உடைந்த பெட்டிப் பலகை லயங்களிலே மேசையாகவும் கதவாகவும் பிள்ளைகளின் தள்ளுவண்டியாகவும் மாறியதை முதியோர் நினைவுகூர்வர்.

இனி, குரும்பட்டி விழாத ஒரு நாட்டுக்குச் செல்வோம். டென்மார்க்கு நாட்டின் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலெ கிர்க் கிறிஸ்தியான்சன் என்ற தச்சர் 1932 ஆம் ஆண்டில் மர விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். 1934 இல் தம் தொழிலுக்கு லெகோ என்று பெயரிட்டார். நன்றாக விளையாடு என்னும் பொருளுடைய இரு டேனியச் சொற்களின் சுருக்கம் அது. 1949 இல் அந்நிறுவனம் பிளாஸ்டிக்கினாலான சிறு கட்டைகளை வெளியிட்டது. அவை முழுவதும் புதியனவல்ல. இங்கிலாந்தில் ஹிலரி பேஜ் என்பவர் அதற்கு முன்னரே செய்து விற்ற கட்டைகளைப் பார்த்து அமைக்கப்பட்டவையே அவை. அக்கட்டைகளின் மேற்புறத்திற் குமிழ்கள் இருந்தன, உட்புறம் வெறுமையாயிருந்தது. ஆகையால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை எளிதிற் கழன்று விழுந்தன. 1958 சனவரி 28 ஆம் நாள் ஓலெயின் மகன் கொட்பிரட் புதிய அமைப்பொன்றுக்கு உரிமைப் பத்திரம் வேண்டி விண்ணப்பித்தார். கட்டையின் உட்குழிவில் குழல்களை அமைத்து, கீழ்க் கட்டையின் குமிழ்கள் அக்குழல்களுக்கும் சுவருக்கும் இடையே நெருக்குண்டு நிற்குமாறு செய்தமையே அப்புதுமை. இங்கும் ஆணி இல்லை, பசை இல்லை. ஈர்க்கைக் குரும்பட்டி பற்றுவதும் குமிழைக் குழல் பற்றுவதும் உராய்வு என்னும் ஒரே விசையினாலாம்.

எட்டுக் குமிழுடைய ஒரே நிறக் கட்டைகள் இரண்டை 24 வகையாக இணைக்கலாம். மூன்றை 1,060 வகையாக இணைக்கலாம். ஆறு கட்டைகளை எத்தனை வகையாக இணைக்கலாம் என்பதைக் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணினியின் துணையோடு கணக்கிட்டார். விடை 91 கோடியே 51 இலட்சத்து 3 ஆயிரத்து 765. ஆறு கட்டைகள், ஒரு சிறுவனின் இரு கைகளுள் அடங்குபவை!

இவ்வெண்ணிக்கையினும் சுவையான செய்தி ஒன்று உண்டு. அது ஒற்றைத் துண்டைப் பற்றியது. 1979 இல் அந்நிறுவனத்தைச் சேர்ந்த எர்லிங் டீடெரிக்சன் என்பவர் ஒரு சிறு கட்டையை வடிவமைத்தார். மேலே ஒரே குமிழ் உடையது; விரல்நுனியினும் சிறியது. அதன் ஒரு பக்கம் சற்றே உள்வாங்கியிருக்கும். உள்வாங்கிய அப்பக்கத்திலும் ஒரு குமிழ் உண்டு. அதற்கு நேரெதிர்ப் பின்புறத்தில் சதுரத் துளை ஒன்று உண்டு. விளையாட்டு மோட்டார் வண்டிக்கு முன்விளக்குப் பொருத்துவதே அதன் வேலை. ஒளி ஊடுருவும் வட்டத் துண்டொன்றைப் பக்கக் குமிழில் மாட்டினால் விளக்கு. அதனால் அதற்கு முன்விளக்குக் கட்டை என்று பெயர். செய்தவர்கள் எண்ணியது அவ்வளவே என்று தோன்றும்.

ஆனால் கட்டைகளைக் கொண்டு தாமே மாதிரிகள் அமைக்கும் ஆர்வலர்கள் இதனைக் கையில் எடுத்தபோது கதை வேறாயிற்று. வழக்கமான கட்டைகளிற் குமிழ் மேல்நோக்கி மட்டுமே உள்ளது. ஆகையால் கட்டடம் மேல்நோக்கி மட்டுமே வளரும். இத்துண்டிலோ குமிழ் பக்கவாட்டிலும் உண்டு. எனவே சுவர் பக்கவாட்டிலும் வளரலாம்! மாளிகையின் முகப்பில் தட்டையான ஓடுகளை நிமிர்த்தி ஒட்டினர். குமிழே தெரியாத வழவழப்பான சுவர்களை எழுப்பினர். துண்டைத் திருப்பிச் சதுரத் துளை வெளியே தெரிய வைத்தனர். சிறு மாதிரிக் கட்டடங்களுக்கு அது சன்னலாயிற்று. பின்புறத்துத் துளையுள் வேறொரு கட்டையின் குமிழைச் செருகினர். துண்டு மல்லாந்து படுத்தது. அதன் முகக் குமிழ் இப்பொழுது மேல்நோக்கியது. விளக்குத் தாங்கியாகப் பிறந்த துண்டு, அதனை அமைத்தவரின் பெயராலேயே எர்லிங் கட்டை என இன்று உலகெங்குமுள்ள ஆர்வலரால் அழைக்கப்படுகின்றது. கைவினைஞர் ஒருவருக்கு இதனினும் சிறந்த நன்றிக்கடன் இல்லை எனலாம்.

அளவுகளைச் சற்றே நோக்கினால் இவ்விந்தையின் அடிப்படை விளங்கும். குமிழுக்குக் குமிழ் உள்ள இடைவெளி 8 மில்லிமீற்றர். மெல்லிய தட்டு ஒன்றின் உயரம் 3.2 மில்லிமீற்றர், மூன்று தட்டு ஒரு கட்டையின் உயரமாகிய 9.6 மில்லிமீற்றருக்குச் சமம். ஐந்து தட்டுகளை அடுக்கினால் 16 மில்லிமீற்றர். அதாவது சரியாக இரண்டு குமிழ்களின் அகலம். படுக்கையில் அளந்ததும் நிமிர்த்தி அளந்ததும் இவ்விடத்தில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. முன்விளக்குக் கட்டையின் முகம் உள்வாங்கியிருப்பது 1.6 மில்லிமீற்றர், அதாவது அரைத்தட்டு. எஞ்சிய தடிப்பு 6.4 மில்லிமீற்றர், அதாவது இரண்டு தட்டு. இதனாற்றான் அத்துண்டு எப்பக்கம் திரும்பினும் மற்றத் துண்டுகளோடு கணக்குத் தவறாமல் இணைகின்றது. இத்தொடர்பைப் பலர் பாடப்புத்தகத்திற் படித்து அறியவில்லை; கையில் துண்டை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தே கண்டனர். பின்னங்களைக் கற்பிக்க எத்தனை வட்டங்களை எத்தனை தடவை கரும்பலகையில் வெட்டிக் காட்டினும் சில பிள்ளைகளுக்கு ஏறாதது, இங்கு விரல்நுனி வழியே ஏறிவிடுகின்றது.

துண்டின் பெயரை மறப்பதே இக்கலையின் முதற்படி போலும். நிறுவனத்தார் செய்த தவளை உருவத் துண்டொன்று உண்டு. 2021 இல் வெளிவந்த போன்சாய் என்னும் யப்பானியச் சாடிமர மாதிரியில், அத்தவளைகளை இளஞ்சிவப்பு நிறத்தில் வார்த்துக் கிளைகளிற் செருகியுள்ளனர். சற்றுத் தள்ளி நின்று பார்ப்போருக்கு அவை செரிப் பூக்கள். அருகிற் சென்று உற்று நோக்கினால் ஒவ்வொரு பூவும் ஒரு தவளை! 2014 இல் வெளிவந்த பாரிசு உணவக மாதிரியில், பிறை வடிவ ரொட்டித் துண்டுகள் முகப்புச் சுவரின் சித்திர வேலைப்பாடாக விளங்குகின்றன. ஆர்வலர்கள் வழக்கமாகச் செய்துவந்த ஒன்றை நிறுவனத்தின் வடிவமைப்பாளரும் பின்பற்றலாயினர் என்பது இதனாற் புலனாகும். குரும்பட்டியை யானையின் தலையாகக் கண்ட பன்வில சிறுவனுக்கு இது புதுமையாகத் தோன்றாது. அவனுக்கு அது தொடக்கத்திலிருந்தே குரும்பட்டியாகவும் யானையாகவும் ஒருங்கே தெரிந்தது.

விளையாட்டுத் துண்டுகள் விளையாட்டோடு நின்றுவிடுவதுமில்லை. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தவரான பிராங் ஹோர்ன்பி 1901 இல் உரிமைப் பத்திரம் பெற்ற மெக்கானோ என்னும் உலோகத் துண்டுகள், அரை அங்குலத்துக்கு ஒரு துளை வீதம் இடப்பட்டவை. 1934 இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்னும் பேராசிரியரும் ஆர்தர் போர்ட்டர் என்னும் மாணவரும், வகையீட்டுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் பொறியொன்றின் மாதிரியைப் பெரும்பாலும் இத்துண்டுகளைக் கொண்டே கட்டினர். அமெரிக்காவிற் பெரும் பொருட்செலவில் அமைந்திருந்த பொறியொன்றின் சிறு வடிவம் அது. மாதிரி என்று தொடங்கியது மெய்யான கணக்குகளையே செய்தது.

நம் அண்டை நாட்டில் இதற்கு நிகரான, ஆனால் மிக எளிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972 இல் பதினாறு கிராமப் பாடசாலைகளில் செய்முறை விஞ்ஞானக் கல்வித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. கான்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்ற அரவிந்த் குப்தா, 1978 இல் தம் தொழிற்சாலைப் பணியிலிருந்து விடுப்புப் பெற்று இத்திட்டத்தில் இணைந்தார். அவருடைய கண்ணிற் பட்டது துவிச்சக்கர வண்டியின் வால்வுக்குப் பயன்படும் மெல்லிய இறப்பர்க் குழாய். அதனைச் சிறு துண்டுகளாக வெட்டி, மருந்து சுரண்டிய தீக்குச்சிகளை அதன் இரு முனைகளிலும் செருகினால் ஒரு மூட்டு உண்டாகின்றது. குழாயை முள்ளாற் குத்தி வேறொரு குச்சியை நுழைத்தால் மூன்று குச்சிகள் கூடும் மூட்டு. மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்து அழுத்திப் பார்த்தால் அது அசையாது. நான்கினால் சதுரம் செய்தால் சாய்ந்துவிடும். பாலங்களிலும் கூரைகளிலும் முக்கோணம் ஏன் உள்ளது என்ற பாடம் அங்கேயே முடிந்துவிட்டது. சில சதச் செலவிலான அக்குழாய்த் துண்டினால் எழுந்த பணி வளர்ந்து, 2018 இல் அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

பிள்ளைக்குக் கொடுக்கும் பொருளுக்கு ஒரு பயன் இருக்கவேண்டுமா, பல பயன் இருக்கவேண்டுமா என்பது கல்வியாளரிடையே பழைய வழக்கு. ஜேர்மனியில் 1837 இல் சிறுவர் கல்விக்கூடமொன்றை நிறுவி, 1840 இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்ட பிரீட்ரிக் புரோபல், எட்டுச் சிறு மரக் கனசதுரங்களைப் பெட்டியிலிட்டுப் பிள்ளையிடம் கொடுத்தார். அவ்வெட்டும் நாற்காலியாகலாம், எட்டின் பாதி நான்கு என்னும் கணக்காகலாம், பூக்கோலமாகலாம். ஆனால் எட்டையும் பயன்படுத்த வேண்டும். ஒன்றையும் ஒதுக்கிவிடலாகாது என்பது அவர் விதித்த விதி. மரியா மொண்டிசோரி அம்மையாரின் நோக்கு வேறு. அவருடைய இளஞ்சிவப்புக் கோபுரத்தின் பத்துக் கனசதுரங்களும் ஒரு சென்றிமீற்றரிலிருந்து பத்துச் சென்றிமீற்றர் வரை படிப்படியாகப் பருப்பவை. பிள்ளை பிழையாக அடுக்கினால் கோபுரமே அப்பிழையைக் காட்டிவிடும். ஒவ்வொரு கருவிக்கும் உரிய வேலை உண்டு. போர்க்காலத்தில் சென்னை அடையாற்றிலும் கோடைக்கானலிலும் தங்கியிருந்த அம்மையார் 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியருக்குப் பயிற்சி அளித்தார். இன்று இந்நாட்டில் முன்பள்ளியையே பலர் மொண்டிசோரி என்று அழைப்பது அத்தொடர்பின் செல்வாக்கைக் காட்டும். இருவருள் ஒருவர் சரி, மற்றவர் பிழை என்று தீர்ப்பளிப்பது அறியாமையாகும். எனினும், பெயர்ப்பலகையை மட்டும் எடுத்துக்கொண்டு, கருவிகளைக் கண்ணாடி அலுமாரியிற் பூட்டி வைக்கும் நிலையங்களை அவ்விருவருமே ஏற்றிருக்கமாட்டார்.

உளநூலார் இவ்விடயத்தைச் சோதித்துள்ளனர். ஜேர்மனிய அறிஞர் கார்ல் டுங்கர் 1935 இல் எழுதி 1945 இல் ஆங்கிலத்தில் வெளியான ஆய்வொன்றில் மெழுகுதிரிச் சோதனை விளக்கப்பட்டுள்ளது. சிறு பெட்டிகள், ஆணிகள், மெழுகுதிரிகள், தீப்பெட்டி ஆகியன தரப்பட்டு, திரிகளைக் கதவிலே பொருத்தும்படி கேட்கப்படும். பெட்டியைக் கதவில் ஆணியால் அறைந்து அதன்மேல் திரியை நிறுத்துவதே வழி. பெட்டி வெறுமையாகத் தரப்பட்டபோது வழியைக் கண்டவர் மிகுதி. பெட்டிக்குள் ஆணிகள் முதலியன நிரப்பித் தரப்பட்டபோது கண்டவர் குறைவு. நிரப்பிய பெட்டி அவர்களுக்குக் கொள்கலமாகவே தெரிந்தது. தாங்கு பலகையாகத் தெரியவில்லை. ஒரு பொருளின் வழக்கமான பயனே அதன் பிற பயன்களைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றது.

இதனைப் பிள்ளைகளிடம் சோதித்தவர்கள் இங்கிலாந்தின் ரிம் ஜேர்மன், மார்கரெட் டிபைட்டர் என்னும் இருவர். 2000 ஆம் ஆண்டில் வெளியான அவர்களுடைய ஆய்வின் முடிவு ஆசிரியர்களைச் சிந்திக்க வைப்பதாகும். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள், பெட்டியின் வழக்கமான பயனை முதலிற் காட்டிவிட்டால், அதனை வேறு விதமாகப் பயன்படுத்தும் வழியைக் காணத் தாமதித்தனர். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கோ அத்தடையே தோன்றவில்லை. பொருள்கள் இன்னின்னவற்றுக்காகவே செய்யப்பட்டவை என்னும் அறிவு வளர வளர இத்தடையும் உடன் வளர்கின்றது என்பது அவர்கள் கூறும் விளக்கம். அறிவு வளரத்தான் வேண்டும், அதிற் குற்றமில்லை. ஆனால் இலங்கையில் ஐந்து வயது நிரம்பிய பிள்ளையே முதலாந் தரத்தில் அடியெடுத்து வைக்கின்றது. தடை முளைக்கும் அதே பருவத்தில் பிள்ளை ஆசிரியரிடம் ஒப்படைக்கப்படுகின்றது என்பதைக் கல்வியுலகினர் மறந்துவிடலாகாது.

1998 இல் தொடங்கிய கல்விச் சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளுக்கு விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என மூன்றையும் விதித்தது. முதலாந் தரத்தில் விளையாட்டுக்கே முதலிடம். ஏட்டில் உள்ளது நன்று. நடைமுறையில், தரம் ஐந்துப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் தரம் மூன்றிலேயே விழுந்துவிடுகின்றது. பொருத்தமான விடையின் கீழ்க் கோடிடுக என்னும் வினாவுக்குப் பழகிய பிள்ளை, இரண்டு விடைகள் பொருந்தும் எனக் கண்டாலும் சொல்ல அஞ்சுகின்றது. அமெரிக்க உளநூலார் கில்போர்டு அமைத்த சோதனையொன்றில், செங்கல்லின் பயன்களை இயன்ற அளவு கூறுக என்பது ஒரு வினா. வீடு கட்ட, மதில் கட்ட, அடுப்புக் கட்ட என்று அடுக்குபவர் கட்டுவதையே திரும்பத் திரும்பக் கூறுகின்றார். கதவு அடையாமற் தடுக்க, கம்பளிப்பூச்சியை நசுக்க, கீறித் தரையில் எழுத என்பவரோ ஒவ்வொரு முறையும் வேறொரு குணத்தைப் பிடித்துக்கொள்கின்றார்: பாரம், வன்மை, நிறம். இவ்வினாவை ஒரு நாள் வகுப்பிற் கேட்டுப் பார்க்கும் ஆசிரியர், புள்ளிப் பட்டியலில் கீழே கிடக்கும் சில பெயர்கள் மேலே எழுவதைக் காணக்கூடும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்குக் குரும்பட்டியும் பைன் காயும் இருக்கின்றனவே, வேறென்ன வேண்டும் என்று கூறுவது கொடுமையாகும். தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசின் பொறுப்புக்கு வந்தன. அதற்கு முன்னர் பல தோட்டங்களில் ஓரறையும் ஓராசிரியருமே பாடசாலை. அந்தப் பின்தங்கல் இன்னும் முற்றாகத் தீரவில்லை. வறுமை கற்பனையை வளர்க்கும் என்பது வறுமையை அறியாதவர் கூற்று. வார்ப்பு அச்சில், ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த பிழையோடு செய்யப்படும் கட்டைத் துண்டு, குரும்பட்டி கற்பிக்க முடியாத ஒன்றைக் கற்பிக்கின்றது. நேற்றுக் கட்டியதை இன்று கலைத்து அப்படியே மீண்டும் கட்டலாம். கண்டியிற் கட்டியதைப் பன்விலையில் எண்ணிச் சரிபார்த்து அமைக்கலாம். 1958 இல் வார்த்த கட்டை இன்று வார்த்த கட்டையோடு பொருந்தும். அளவு என்பதன் பொருள் அங்கே விளங்குகின்றது. மறுபுறம், அச்சில் வார்த்த துண்டு தன் குணத்தை ஒருபோதும் மறைப்பதில்லை. குரும்பட்டியோ ஒவ்வொன்றும் ஒரு புது வினா. இது இறுகுமா, பிளக்குமா, எத்தனை நாள் தாங்கும் என்பதைத் தொட்டுத்தான் அறியவேண்டும். இரண்டும் ஒரு பிள்ளையின் கைக்கு எட்டவேண்டும் என்று கேட்பது பேராசையாகாது. லெகோப் பெட்டியின் விலையோ பெரும்பாலான தோட்டக் குடும்பங்களுக்கு எட்டாதது என்பதை மறைப்பதில் பயனில்லை.

தென்னாபிரிக்காவில் ஆரம்ப ஆசிரியர்கள் கையாளும் முறையொன்று இங்கு நோக்கத்தக்கது. பிள்ளை ஒன்றுக்கு ஆறு கட்டைகள், ஆறும் வெவ்வேறு நிறம். அவை மேசைமேல் எப்பொழுதும் இருக்கும். பாடத்தின் இடையே சில நிமிடம் அவற்றை எடுத்து, ஆசிரியர் சொல்லும் ஒன்றைச் செய்து, மீண்டும் வைத்துவிடுகின்றனர். பன்வில போன்ற இடங்களில் ஆறு குரும்பட்டியும் ஒரு பிடி ஈர்க்கும் வைத்து இதனைத் தொடங்கத் தடை என்ன? ஈர்க்கு முனைகள் கண்ணிற் படாதவாறு நுனிகளை நறுக்கிக் கொடுக்கவேண்டும். துளையிடும் கத்தி ஆசிரியர் கையிலேயே இருக்கவேண்டும். முதல் நாள் எதையும் செய்து காட்டாதிருத்தல் நலம். ஆசிரியர் வண்டி செய்து காட்டினால் வகுப்பில் நாற்பது வண்டிகள் எழும். காட்டாமல் விட்டால் நான்கு வண்டியும், இன்னதென்று பெயர் சொல்ல முடியாத பலவும் எழும். அப்பெயர் சொல்ல முடியாதவற்றைச் செய்த பிள்ளைகளிடம் இது என்ன என்று உடனே கேட்காமல், இது எப்படி நிற்கின்றது என்று கேட்பது மேல். அதற்கு விடை அப்பிள்ளைகளிடம் உண்டு.

மூன்றாம் நாள் குரும்பட்டிகள் பழுப்பேறிச் சுருங்கத் தொடங்கும். இறுக நின்ற ஈர்க்குகள் தளரும். சில்லுகள் அச்சிலே ஆடும். தேரின் மேல்தட்டு ஒரு புறம் சாயும். சில பிள்ளைகள் அழும். வேறு சிலர், நேற்றுவரை சுழலாதிருந்த சில்லு இன்று தடையின்றிச் சுழல்வதைக் கண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வகுப்பறைக்கு வெளியேயுள்ள சரிவை நோக்கி ஓடுவர்.